தோட்டத்தைத் தாண்டாதவள்

கைரேகை நிபுணர் என்று என் கையெழுத்துக்குக் கீழே எழுதிக்கொள்ள நான் மூன்று முறை பரீட்சை எழுதினேன். இரண்டு முறை தோற்றேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. மூன்றாவது முறை பாஸ் செய்த காலத்தில் நடந்ததை நினைத்தால்தான் வெட்கம். அதைத்தான் எழுதப்போகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது.

விழுப்புரம் தனி மாவட்டமாகி நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. போலீசில் கைரேகைப் பிரிவுக்கு நேரடியாக ஆள் எடுத்தார்கள். நான் திண்டிவனத்தில் கல்லூரி முடித்து, வேதியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தவன். கெடார் காலனியிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் ஆன முதல் ஆள் நான். சென்னையில் பயிற்சி முடிந்து விழுப்புரத்துக்கே போட்டார்கள்.

ஆனால் எங்கள் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. டில்லியில் நடக்கும் அந்தப் பரீட்சையில் பாஸ் ஆகும் வரை நாம் அரை ஆள். திருட்டு நடந்த வீட்டுக்குப் போகலாம், பவுடர் தூவலாம், ரேகையை டேப்பில் ஒற்றி எடுக்கலாம், பெட்டியைத் தூக்கலாம். 'இது இன்னாருடைய ரேகை' என்று கையெழுத்துப் போட முடியாது. மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் இரண்டில் தோற்றிருந்தேன். அலுவலகத்தில் டீ கொண்டுவருபவர்கூட, "சார், இந்த வாட்டியாச்சும்?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை வைப்பார்.

அந்த நேரத்தில்தான் மில்காரர் வீட்டுக் கேஸ் வந்தது.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற வழியில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அரிசி மில் வைத்திருந்தவர் வீட்டில், படுக்கையறை பீரோவிலிருந்து நகை போயிருந்தது. பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்தவர்தான் எடுத்திருக்க வேண்டும். நானும் எங்கள் யூனிட் நிபுணரும் ஜீப்பில் போய் இறங்கினோம். நிபுணர் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். இன்ஸ்பெக்டர் எங்களுக்கு முன்பே வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

மில்காரர் வாசலிலேயே சொன்னார்: "வாங்க சார். நாங்க காத்தாலயே வெத்தலையில மை போட்டுப் பாத்துட்டோம். தெக்கால இருந்து வர்ற பொம்பளைன்னு சொல்லிட்டான். உங்க மையில இன்னா வருதுன்னு பாப்போம்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அவன் சீக்கிரமா சொல்லிடறான். இவங்களுக்கு ஒரு மாசம் ஆவும்."

அந்த ஊருக்குத் தெற்கே இருந்தது காலனி. அங்கிருந்து அந்த வீட்டுக்கு வருகிற பெண் ஒருத்திதான். நாற்பது வயது இருக்கும். அப்போது அவள் தோட்டத்தில், அதாவது வீட்டின் பின்பக்கத்தில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ உள்ள வருவாளா?" என்று நிபுணர் கேட்டார்.

"சேச்சே. அவ தோட்டத்தோட சரி சார். பாத்திரம் தேய்ப்பா, சாணி அள்ளுவா, மல்லாட்டை வந்தா கொட்டைய உரிச்சுக் காய வைப்பா. சோறுகூட பின்வாசல்லதான். பத்து வருசமா வர்றா, உள்ள கால் வெச்சது கெடையாது."

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவியும் தலையை ஆட்டினார்.

நான் படுக்கையறையில் பவுடர் தூவ ஆரம்பித்தேன். இரும்பு பீரோ, ஆள் உயரக் கண்ணாடி. தூவத் தூவ ரேகைகள் எழும்பின. கண்ணாடியின் ஓரத்தில், கைப்பிடிக்கு மேலே, பீரோவின் தலையில், ஃபேன் சுவிட்சில், ஜன்னல் கம்பியில், கட்டிலின் கால்பக்கச் சட்டத்தில். பல இடங்களில் ஒரே கை போலத்தான் எனக்குப் பட்டது. வலது கை நடுவிரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அது திரும்பத் திரும்ப வந்தது.

"சார், நெறைய இருக்குது," என்றேன்.

"பளிச்சுனு இருக்கறது ரெண்ட எடு, போதும். மீதியெல்லாம் எடுத்து மாலையா கட்டப்போற? ஜல்தியா முடிப்பா, மரக்காணத்துல இன்னொரு கேஸ் உக்காந்துக்கினு கீது."

கண்ணாடியிலிருந்து இரண்டை எடுத்தேன். மற்றவற்றைப் பஞ்சால் துடைத்துவிட்டேன். வீட்டுக்காரர்களுக்குப் பவுடர் கறை பிடிக்காது, துடைத்துக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் யூனிட் வழக்கம். நல்ல வழக்கம் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம்.

அடுத்து வீட்டு ஆட்களின் ரேகை எடுக்க வேண்டும். வீட்டில் புழங்குகிறவர்களின் ரேகையைக் கழித்துவிட்டால்தான் அன்னியனுடையது எது என்று தெரியும். இது முதல் நாள் பாடம். மில்காரரிடம் கேட்டேன்.

"எல்லாருதும்னா?"

"நீங்க, அம்மா, பையன், ரெண்டு பொண்ணுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்பா, பெரிய பொண்ணுக்குப் போன வாரந்தான் நிச்சயம் ஆச்சு. அதும் கையப் புடிச்சு நீ மை தடவுவியா? சம்பந்தி வூட்ல கேட்டா இன்னான்னு சொல்வேன்? எங்க வூட்டுப் பொம்பளைங்க இன்னா கேடிங்களா?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நிபுணர், "உட்றா," என்றார். மில்காரரின் ரேகையை மட்டும் எடுத்தேன். மகனுடையதையும் எடுக்கவில்லை, அவன் பாண்டிச்சேரி போயிருப்பதாகச் சொன்னார்கள். படிவத்தில் 'மற்றவர்களுடையது தேவைப்படவில்லை' என்று எழுதினேன். அது என் கையெழுத்து.

வேலைக்காரியின் ரேகையை எடுக்க யாரும் யாரையும் கேட்கவில்லை. கூப்பிட்டார்கள், வந்தாள். சாம்பலும் தேங்காய் நாரும் தின்ற கை. சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி, துடைத்து, உருளையால் மை தடவி, ஒவ்வொரு விரலாகப் பிடித்து உருட்டினேன்.

"பத்து வெரலுமா சார்? எங்க கைநாட்டு வெச்சாலும் ஒத்த வெரல்தானே கேப்பாங்க?"

"பேசாம விரலைத் தளர்த்தி விடும்மா," என்றேன்.

விழுப்புரம் வந்து லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நாள். கோடு முடிகிற இடம், கோடு இரண்டாகப் பிரிகிற இடம், தீவு போல நடுவில் கிடப்பது என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். எட்டு ஒத்துப்போனால் போதும் என்பார்கள். எனக்குப் பன்னிரண்டு கிடைத்தது. வேலைக்காரியின் வலது நடுவிரல், மோதிர விரல். சந்தேகமே இல்லை. பன்னிரண்டாவதைக் குறித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த முதல் ரேகை.

நிபுணர் சரிபார்த்து, முதல் கட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் போனில் கூப்பிட்டு, "கலக்கிட்டய்யா," என்றார். அன்று சாயங்காலமே அவளைப் பிடித்துவிட்டார்கள். நகை எங்கே என்று கேட்டார்கள். எப்படிக் கேட்பார்கள் என்று எழுத வேண்டியதில்லை. நகை கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, உள்ளே கால் வைக்காதவளின் ரேகை பீரோவில் இருக்கிறதே. அதற்கு மேல் என்ன வேண்டும்? ஜெயிலுக்கு அனுப்பினார்கள். ஜாமீன் கொடுக்க இரண்டு பேர் வீட்டு வரி ரசீதோடு வர வேண்டும். மில்காரரைப் பகைத்துக்கொண்டு யார் வருவார்கள்? மூன்று மாதம் உள்ளே கிடந்தாள். அவள் மகள் பத்தாம் வகுப்பை நிறுத்திவிட்டுக் கூலிக்குப் போனாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்துகொள்ள நான் முயலவே இல்லை என்பதுதான் சரி.

என் விண்ணப்பத்தில் நிபுணர், 'தனியாக ரேகையைக் கண்டறியும் திறமை உள்ளவர்' என்று ஒரு வரி சேர்த்து டில்லிக்கு அனுப்பினார். அந்த வரி அவள் விரலிலிருந்து வந்தது.

டில்லியில் எழுத்துத் தேர்வில் ஒரு கேள்வி. ஒரு ரேகை எப்போது படிந்தது என்று சொல்ல முடியுமா, விளக்குக. நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முடியாது, ரேகை இருந்தால் அந்த விரல் அங்கே பட்டது என்று மட்டுமே பொருள், என்றைக்குப் பட்டது, எதற்காகப் பட்டது என்று ரேகை சொல்லாது, அந்த இடத்தில் அந்த ஆள் புழங்குகிறவரா என்பதை விசாரணையில்தான் தீர்மானிக்க வேண்டும். அடிக்கோடு போட்டு எழுதினேன். மனப்பாடம். எழுதும்போது அந்தப் பெண்ணின் ஞாபகம் ஒரு நொடிகூட வரவில்லை. இதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. வரவே இல்லை.

பாஸ் ஆகிவிட்டேன்.

ஸ்வீட் டப்பாவோடு முதலில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா விழுப்புரத்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தது. மாமா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் எஸ்.ஐ. ஆன பிறகும், "உன் சோறு உனக்கு, என் சோறு எனக்கு," என்று வேலையை விடவில்லை. மாதா படத்துக்கு முன்னால் டப்பாவை வைத்து சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு ஜாங்கிரியை எடுத்து வாயில் வைத்தது. நான் பெருமையாக என் முதல் ரேகைக் கதையைச் சொன்னேன். உள்ளேயே வராதவள், பீரோ, கண்ணாடி, பன்னிரண்டு புள்ளி.

அக்கா மென்றுகொண்டே கேட்டது: "அவங்க வூட்டு பீரோவ யாருடா தொடைப்பாங்க?"

"யாரோ. அந்த வூட்டம்மா தொடைக்கும்."

"மில்லுகாரம்மா தொடைக்குமா? கை வலிக்காது?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், நான் போற வூட்டு ஐயாகூட அப்படித்தான் சொல்லிக்கினு திரிவாரு. அவ தோட்டத்தோட சரின்னு. அவரு வண்டி தெருமுனை திரும்பட்டும், அந்தம்மா கதவத் தொறந்து, 'வாடி, ஜல்தியா பெருக்கிட்டு வெளிய போ'ன்னும். சாமி ரூமு ஒண்ணுதான் பாக்கி. கட்டிலுக்கு அடியில, பீரோ மேல, ஃபேன் ரெக்கை எல்லாம் நான்தான். அவரு படுக்கற மெத்தைய நான்தான்டா உதறிப் போடறேன். ராத்திரி அதுலதான் படுத்துக்கினு தீட்டு பாக்கறாரு."

அக்காவின் சிரிப்பு நின்றது.

"எங்க வூட்ல பொறந்தவன்தானே நீ? அம்மா எத்தினி வூட்டு ரூமைக் கூட்டிக்கினு இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது? இதப் படிக்கவா டில்லி வரிக்கும் போன?"

ஜாங்கிரியைத் தட்டில் போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டது.

ஜன்னல் கம்பி, ஃபேன் சுவிட்ச், பீரோவின் தலை, கட்டில் சட்டம். திருட வந்தவள் எதற்காகக் கட்டிலின் கால்பக்கச் சட்டத்தைப் பிடிப்பாள்? கூட்டுகிறவள்தான் குனியும்போது பிடிப்பாள். எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் பவுடரில் எழும்பி நின்றன. நானே பஞ்சால் துடைத்தேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் ஒரே கேள்வி கேட்டார். "ரேகை அவளுதா, இல்லியா?"

"அவளுதுதான் சார்."

"அப்புறம் எதுக்குய்யா பேஜாரு பண்ற? பாஸ் பண்ணிட்ட இல்ல, போய் சந்தோசமா இரு."

ஒரு வாரம் கழித்து, மில்காரர் மில்லில் இருக்கும் நேரம் பார்த்து அந்த வீட்டுக்குப் போனேன். சீருடையில் போகவில்லை. மில்காரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "அவங்கதானேம்மா உங்க ரூமைக் கூட்டித் துடைக்கறது?"

அவர் தெருவை ஒரு முறை பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு இடுப்பு வலி சார். மூணு வருசமா குனிய முடியல. அவதான் செஞ்சிக்கினு இருந்தா. நான் ஒத்துக்கினா எங்க வூட்டுக்காரரு என்ன இங்க வெச்சிருப்பாரா? வூட்டையே கழுவி வுட்டு, என்ன எங்கப்பன் வூட்டுக்கு அனுப்பிடுவாரு. வர்ற மாசம் பொண்ணு கல்யாணம். அவ எடுத்தாளா இல்லியான்னு எனக்குத் தெரியாது சார். என்ன வுட்டுடுங்க."

கதவைச் சாத்திவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. என்மேல் வர வேண்டிய கோபத்தில் பாதியை அவர்மேல் இறக்கிவைத்தேன் என்று இப்போது தெரிகிறது.

வழக்கு திண்டிவனம் கோர்ட்டில் எடுக்கப்பட்டபோது எங்கள் நிபுணர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். ரேகைகளை மறுபடி ஒப்பிட்டுப் புதிதாக ஒரு கருத்துரை கொடுக்கச் சொன்னார்கள். சான்றிதழ் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நிபுணர் என்று நான் போட்ட முதல் கையெழுத்து அவளுக்கு எதிராகப் போட்டது. மற்ற இடங்களிலும் ரேகைகள் இருந்தன என்று ஒரு பத்தி எழுதினேன். மேலதிகாரி பேனாவால் அடித்துவிட்டார். "எடுத்து வெச்சிருக்கியா? இல்ல. போட்டோ? இல்ல. அப்ப அது கனவுல வந்ததா?"

அவர் கேட்டதில் தப்பில்லை.

சாட்சி சொல்ல வேண்டிய நாள் காலையில், கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் அவளுடைய வக்கீலைப் பிடித்தேன். இலவசச் சட்ட உதவியில் வந்த இளைஞர். போலீஸ் சாட்சி எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசக்கூடாது. பேசினேன்.

"சார், குறுக்கு விசாரணையில ரெண்டு கேள்வி கேளுங்க. ரேகை எப்ப படிஞ்சதுன்னு சொல்ல முடியுமான்னு ஒண்ணு. வேற எங்கெல்லாம் ரேகை இருந்துச்சுன்னு ஒண்ணு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "போலீசே வந்து கேள்வி எடுத்துக் குடுக்கறீங்க? இதுல இன்னா உள்குத்து இருக்குது? நான் கேட்டு, நீங்க வேற பதில் சொல்லி, என் கட்சிக்காரி மாட்டிக்கவா? போங்க சார்."

கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்டார், நான் சொன்னேன். ஆம், அவருடைய ரேகைதான். ஆம், பன்னிரண்டு ஒற்றுமைகள். எனக்கு முன்பே மில்காரம்மா சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார், அவள் உள்ளே வந்ததே இல்லை என்று. அவள் குற்றவாளிக் கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். இளைஞர் எழுந்து, "குறுக்கு விசாரணை இல்லை," என்றார்.

இறங்க வேண்டியதுதான். நான் இறங்கவில்லை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்," என்றார் அரசு வக்கீல்.

"ஜன்னல் கம்பி, சுவிட்ச், கட்டில், பீரோவின் மேல்பக்கம், எல்லா இடத்திலயும் ரேகை இருந்துச்சு ஐயா. அதே கை மாதிரிதான் இருந்துச்சு. நான்தான் எடுக்காம துடைச்சிட்டேன்."

கோர்ட்டில் சத்தம் எழும்பியது. மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இது உங்க ரிப்போர்ட்ல இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"இந்த ரேகை எப்போது படிந்ததுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க ஐயா. யாராலயும் முடியாது."

"வீட்டில் மற்ற பெண்களுடைய ரேகையை எடுத்தீங்களா?"

"இல்லைங்க ஐயா. எடுக்க விடல. நானும் விட்டுட்டேன்."

அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்.

எனக்கு மெமோ வந்தது. சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றது. இன்ஸ்பெக்டர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பரவாயில்லை. பத்துப் பதினைந்து வருடங்களில் கம்ப்யூட்டர் வந்தது, டேப்பில் எடுத்ததை ஸ்கேன் செய்தால் பொருத்தம் தேடித் தருகிறது. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்த வீட்டு அம்மாவின் பத்து விரலையும்தான் கேட்பேன். பல வீடுகளில் சண்டை. என்மேல் வந்த புகார்கள் ஒரு ஃபைல் இருக்கும். எந்த ரேகையையும் போட்டோ எடுக்காமல் துடைப்பதில்லை. இதையெல்லாம் சொன்னால் நான் திருந்திவிட்ட நல்லவன் போலத் தெரியும். அதனால்தான் தீர்ப்பு நாளைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்தார்கள். நகை கடைசிவரை கிடைக்கவில்லை, யார் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் அன்று வேறு ஒரு கேசுக்காக கோர்ட்டில் இருந்தேன். வராந்தாவில் அவள் தன் வக்கீலிடம், "வுட்டுட்டாங்களா, இன்னும் வரணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வுட்டாச்சும்மா, வூட்டுக்குப் போ," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேசுக்குப் போனார். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நேராக வந்தாள்.

நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"நீங்கதானே சார் என் கையப் புடிச்சு மை தடவுனது?"

"ஆமாம்மா."

"சன்னல்ல இருந்துச்சு, சுச்சில இருந்துச்சு, கட்டில்ல இருந்துச்சுன்னு அன்னிக்கு கோர்ட்ல சொன்னீங்களே, அது அந்த வூட்ல நிக்கறப்பவே உங்களுக்குத் தெரியுந்தானே?"

"பார்த்தேம்மா. ஆனா அப்ப தோணல."

"தோணல." அந்த வார்த்தையை அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "ஸ்டேசன்ல என்ன கேட்டப்போ நான் சொன்னேன் சார், நான்தான் ரூமு கூட்டறேன்னு. அந்தம்மா இல்லன்னுடுச்சு. ரேகை படிச்சவரே சொல்லிட்டாரு, நீ திருடிதான்னு அடிச்சாங்க. நீங்க எந்த ஊரு சார்?"

"கெடார்."

"ஊருலயா, காலனியிலயா?"

வராந்தாவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"காலனி," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, படியில் கழற்றி வைத்திருந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.